நூறு குடும்பத்தின் பேரில்

கணக்கு இதுதான். வீடு வேண்டி நின்றவர்கள் ஏறத்தாழ 100 குடும்பத்தினர். அவர்களுக்கு வீடு தருவதாகச் சொல்லிப் போட்ட திட்டத்தில் இருந்த வீடுகள் 2,116. அவற்றில் 350 வீடுகள், 29 மாடிக் கட்டடம் ஒன்றில், கட்டுப்படியாகும் விலைப் பிரிவில். மீதி 1,766 வீடுகளும் 42 முதல் 54 மாடி வரை எழும்பும் எட்டுக் கோபுரங்களில், வசதி உள்ளவர்களுக்கான சர்வீஸ் அபார்ட்மெண்ட்டுகள். இத்தனையும் நிற்க வேண்டிய இடம் 12 ஏக்கர். அது கோலாலம்பூரின் மேற்கு ஓரத்தில், புக்கிட் கியாரா குன்றின் அடிவாரத்தில், தாமான் ரிம்பா கியாரா என்ற பொதுப்பூங்காவின் நிலம். பூங்காவின் மொத்தப் பரப்பே சுமார் 25 ஏக்கர்தான்.

2017-ல் மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. 2023 ஏப்ரல் 18-ல் மலேசியாவின் உச்ச நீதி அமைப்பான கூட்டரசு நீதிமன்றம், அந்த அனுமதி செல்லாது என்ற தீர்ப்பை உறுதி செய்தது. இடையில் மூன்று நீதிமன்றங்கள் ஏறி இறங்கியாயிற்று. நஜிப் முதல் அன்வார் வரை நாடு ஐந்து பிரதமர்களைப் பார்த்துவிட்டது.

மலேசியாவில் இதை மக்கள் போராட்டத்தின் வெற்றி என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டிய தீர்ப்புதான். ஆனால் திட்டத்துக்குப் பெயர் கொடுத்த அந்த 100 குடும்பங்கள் யார்? பெரும்பாலும் தமிழர்கள். அந்தக் குன்று ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் பால்மரம் வெட்டியவர்களும் அவர்கள் வாரிசுகளும். தீர்ப்பு வந்த நாளில் அவர்கள் இருந்தது பழைய பலகை வீடுகளில்தான்.

தழும்பு மாறாத மரங்கள்

கியாரா குன்றின் நடைபாதையில் ஏறுகிறவர் காட்டு மரம் என்று நினைத்துக் கடந்து போகும் மரங்களில் ரப்பர் கணிசம். கொஞ்சம் நின்று பார்த்தால் தெரியும். இடுப்பு உயரத்தில் பட்டை சீராக இராது. தடித்து, முடிச்சு விழுந்து, பழைய வெட்டின் சரிவு இன்னும் கோடாக ஓடும். ஒரே மரத்தில் ஆண்டுக்கணக்காகப் பட்டையை மெலிதாகச் சீவிச் சீவி எடுத்த தழும்பு அது. வெயில் காலத்தில் முற்றிய காய் பட்டென்று வெடித்து, புள்ளி போட்ட விதை பத்தடி தள்ளி விழும். ஓடப் போகிறவர்களின் காலணிக்கடியில் நொறுங்குவது அந்த விதைதான்.

தோட்டத்து வாழ்க்கை இருட்டில் தொடங்கும். பெரட்டு என்ற காலைக் கணக்கெடுப்புக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்க வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரம் புண்ணாகும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. வெயில் ஏறுவதற்குள் மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோரில் சேர்த்தாக வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை.

கூலியைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. லயத்து வீடு துரையுடையது, அதாவது கம்பெனியுடையது. தோட்டம் கைமாறினால் ஒரே நாளில் வேலை போகும், வீடு போகும், பிள்ளை படித்த தமிழ்ப்பள்ளி போகும், கும்பிட்ட மாரியம்மன் கோயிலுக்கும் கேள்வி வரும். மூன்று தலைமுறை உழைத்த இடத்தில் ஒரு சாண் நிலத்துக்குக்கூடப் பட்டா இராது. மலேசியத் தோட்டத் தமிழர்களின் கதையில் பாதி இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்து முளைத்ததுதான். நாட்டில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பட்டணத்து ஓரங்களில் செம்பனைக்குப் பதில் வீட்டுமனையே வந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் மூட்டை கட்டியவர்கள் லயத்துக்காரர்கள்.

கியாராவிலும் அதுதான் நடந்தது. அரசு தோட்ட நிலத்தைப் பொதுத் தேவைக்கென்று எடுத்துக்கொண்டது. அந்த நிலமும் சுற்றுப்புறமும் பிறகு என்னென்ன ஆயின என்று பார்த்தால் பெருமூச்சு வரும். ஒரு பக்கம் 36 குழி கோல்ஃப் கிளப். ஒரு பக்கம் குதிரையேற்ற கிளப். ஒரு பக்கம் இடுகாடு. மிச்சம் இருந்த குன்றும் பூங்காவும்தான் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் நுழையக்கூடிய இடம். தோட்டத் தொழிலாளர்களை 1980களின் தொடக்கத்தில் பூங்காவை ஒட்டி வரிசை வீடுகளில் குடியேற்றினார்கள். மலாயில் ரூமா பாஞ்சாங். துத்தநாகத் தகடு போட்ட கூரை, பலகைச் சுவர், வீட்டுக்கு வீடு ஒரே சுவர். தற்காலிகம்தான், கொஞ்ச காலத்தில் நிரந்தர வீடு வரும் என்றார்கள். அந்தத் தற்காலிகத்துக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

பூங்காவின் இன்னொரு பக்கம்

பூங்காவுக்கு எதிர்ப்புறம் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பு. உள்ளூரில் சுருக்கமாக டிடிடிஐ. 1973-ல் பதவியில் இருக்கும்போதே மறைந்த துணைப் பிரதமரின் பெயர். மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற அரசு அதிகாரிகள் நிறைந்த வட்டாரம். இந்தக் குடியிருப்பும் ரப்பர் தோட்டத்தை அழித்து எழுந்ததுதான் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். எந்தப் பூங்காப் போராட்டத்திலும் முதலில் வரும் குற்றச்சாட்டு, ‘உங்களுக்கு வீடு கிடைத்துவிட்டது, இனிமேல் யாருக்கும் கிடைக்கக் கூடாதா?’ என்பது. டிடிடிஐக்காரர்கள் மீதும் அந்தக் கல் விழுந்தது.

பூங்காவில் அடர்த்தியை உயர்த்த விண்ணப்பம் வந்திருப்பதாகச் சொல்லி, ஆட்சேபம் கேட்டு அறிவிப்புப் பலகை நட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கேட்டிருந்த அடர்த்தி ஏக்கருக்கு 979 பேர். 12 ஏக்கருக்குப் பெருக்கினால் ஒரு சிறு நகரமே வரும். அத்தனை பேரின் காரும் மோட்டார் சைக்கிளும் காலையில் இறங்க வேண்டியது ஏற்கெனவே நெரிந்து கிடக்கும் அதே சாலைகளில்.

மலையடிவாரம் என்றாலே கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு நடுக்கம் உண்டு. 1993 டிசம்பர் 11-ல் உலு கிளாங்கில் ஹைலேண்ட் டவர்ஸ் குடியிருப்பின் ஒரு கட்டடம், பின்னாலிருந்த குன்று சரிந்ததில் அப்படியே சாய்ந்து விழுந்து 48 பேர் இறந்தார்கள். 2008-ல் அதே மலைத்தொடரில் புக்கிட் அந்தாராபங்சாவில் இன்னொரு நிலச்சரிவு. கியாரா விவகாரத்திலும் நிலச்சரிவு பற்றிப் பேச்சு அடிபட்டது. ஆனால் வழக்கின் உயிர் அதுவல்ல. பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய திறந்தவெளியை, பொதுமக்களைக் கேட்காமல், காரணமும் சொல்லாமல் விற்பனை வீடுகளுக்குக் கொடுக்கலாமா என்பதே கேள்வி.

குடியிருப்பாளர்கள் சொன்ன ஒன்றையும் மறக்கக் கூடாது. வரிசை வீட்டுக்காரர்களுக்கு வீடு கட்ட வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் இப்போது இருக்கும் இடத்திலேயே, பூங்காவைத் தொடாமல், அவர்களுக்கு மட்டும் கட்டிக் கொடுங்கள் என்றார்கள். மாடிக்கு 10 வீடு, 10 மாடி என்று ஒரு கட்டடம் போட்டால் 100 குடும்பமும் அடங்கிவிடும். அதற்கு 12 ஏக்கர் எதற்கு?

எதற்கு என்றால், பணத்துக்கு. அரசு கையைவிட்டுச் செலவழிக்க மனமில்லாத இடத்தில் உலகெங்கும் ஓடும் சூத்திரம் இது. நிலத்தைத் தனியாரிடம் கொடு; அவர் ஏழைகளுக்கு ஒரு கட்டடம் கட்டித் தருவார்; மிச்ச நிலத்தில் கட்டி விற்று லாபம் பார்த்துக்கொள்வார். மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடப்பதும் இதன் ஒரு வடிவம்தான். சூத்திரத்தில் தப்பில்லை என்று வாதாடலாம். ஆனால் நிலத்தின் விலை ஏற ஏற, ஏழையின் கட்டடம் சிறுத்துப் போய், விற்பனைக் கோபுரங்கள் பெருத்துக்கொண்டே போகும். 2016 டிசம்பரில் டிடிடிஐக்கு எம்ஆர்டி ரயில் வந்தது. அந்த வட்டாரத்தில் ஒரு சதுர அடிக்கு என்ன மதிப்பு என்று தரகர்களைக் கேட்கவே வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு வீடு தர இருபது வீடு கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற கணக்கு இப்படித்தான் பிறந்தது.

இங்கே ஒரு சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். ஏழைகளுக்கு இடமில்லை என்ற பேச்சு வரும்போதெல்லாம் பூங்காவைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பக்கத்திலிருக்கும் 36 குழியில் ஒன்றைக் குறைத்து 35 ஆக்கலாம் என்று யாராவது சொன்னதாக என் காதில் விழவில்லை.

வேலிக்கு ஓணான் சாட்சி

நிலம் முதலில் போனது யாயாசான் விலாயா பெர்செகுத்துவான் என்ற அறக்கட்டளைக்கு. கூட்டரசுப் பிரதேச ஏழைகளின் நலனுக்கென்று இருக்கும் அமைப்பு. அது மெமாங் பெர்காசா என்ற நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. அந்த நிறுவனம் மல்டோன் என்ற மேம்பாட்டுக் குழுமத்தைச் சேர்ந்தது. அனுமதி கொடுக்க வேண்டியவர் டத்தோ பண்டார் என்று அழைக்கப்படும் மேயர். அதே மேயர் அந்த அறக்கட்டளையின் அறங்காவலர்களில் ஒருவர். விண்ணப்பம் போடும் பக்கத்திலும் அவர், முத்திரை குத்தும் பக்கத்திலும் அவர். வேலிக்கு ஓணான் சாட்சி என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த நலமுரணை வெளிப்படையாகவே சுட்டியது.

கோலாலம்பூரின் மேயர் தேர்ந்தெடுக்கப்படுபவர் அல்லர் என்பது வெளியூர் வாசகர்கள் பலருக்குத் தெரியாது. மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல்கள் 1965-ல் நிறுத்தப்பட்டன. 1976-ன் சட்டத்தோடு அந்தக் கதவு மூடப்பட்டது. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1 முதல் கூட்டரசுப் பிரதேசம். மேயரை நியமிப்பது மேலிடம். நம்மூரில் வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலிலாவது போய்க் கத்தலாம். அங்கே வாக்குச்சீட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மிச்சம் இருந்த வழி நீதிமன்றம்.

2017 ஆகஸ்ட்டில் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அடுக்குமாடி நிர்வாகக் குழுக்கள், குடியிருப்பாளர் சங்கம், தனி மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து. அடுத்த ஆண்டு மே மாதம் நாட்டில் அறுபது ஆண்டு ஆட்சி கவிழ்ந்தது. பூங்காவுக்கு விடிவு பிறந்தது என்றே பலரும் நினைத்தார்கள். புதிய அரசின் கூட்டரசுப் பிரதேச அமைச்சர் காலிட் சமாட் கொண்டுவந்தது ரத்து அல்ல, திட்டத்தைச் சுருக்கும் யோசனை. ரத்து செய்தால் நிறுவனத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டிவரும் என்றார்கள். எதிர்க்கட்சியில் இருக்கும்போது மரத்தைக் கட்டிப் பிடிப்பது சுலபம். கோப்பு கைக்கு வந்தால் தெரியும் என்பது எல்லா ஊருக்கும் பொது. 2018 நவம்பர் 28-ல் உயர்நீதிமன்றமும் குடியிருப்பாளர்களின் மனுவைத் தள்ளியது.

திருப்பம் 2021 ஜனவரி 27-ல் வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமனதாக அனுமதியை ரத்து செய்தது. மேயரும் அறக்கட்டளையும் நிறுவனமும் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி நளினி பத்மநாதன் தலைமையிலான அமர்வு, 2023-ல் அந்த மூன்று முறையீடுகளையும் தள்ளியது.

தீர்ப்பின் அடிப்படை ஒரு வரைபடம். கோலாலம்பூர் அமைப்புத் திட்டம் 2020 என்ற ஆவணம் 2004-ல் அரசிதழில் ஏறியது. அதில் தாமான் ரிம்பா கியாரா பொதுத் திறந்தவெளியாக, நகரப் பூங்காவாகக் காட்டப்பட்டிருந்தது. அந்தத் திட்டம் வெறும் வழிகாட்டி, மேயர் நினைத்தால் விலகலாம் என்பது எதிர்த்தரப்பு வாதம். நீதிமன்றம் ஒப்பவில்லை. அது சட்டபூர்வமான ஆவணம். ஒவ்வொரு புள்ளியையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டும் என்பதில்லை. ஆனால் விலகுவதென்றால் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தை மக்கள் கேட்டுப் பெறலாம் என்றது. பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வழக்குப் போட உரிமையே இல்லை என்ற வாதமும் எடுபடவில்லை. நிலம் என் பேரில் இல்லாவிட்டாலும், பக்கத்து நிலத்தில் நடப்பது என் வாழ்க்கையைப் பாதித்தால் நான் நீதிமன்றப் படி ஏறலாம். மலேசியாவில் இனி எந்தக் குன்றை, எந்த விளையாட்டுத் திடலைத் தொட்டாலும் இந்தத் தீர்ப்பு குறுக்கே வரும்.

நகரின் விரிவான நிலப்பயன்பாட்டு வரைவு 2008-லேயே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அது அரசிதழில் ஏறியதோ 2018-ல்தான். பத்து ஆண்டு அது தூங்கிய காலத்தில் நகரத்தில் எத்தனை திடல்கள் எத்தனை கோபுரங்களாயின என்பது தனிக் கதை. கியாராவைக் காப்பாற்றியது, அதற்கு முன்பே ஏறிவிட்டிருந்த அமைப்புத் திட்டம்.

ஏட்டில் இருந்ததும் இல்லாததும்

இந்த வழக்கு முழுவதும் வீடா பூங்காவா என்றே பேசப்பட்டது. அந்தச் சட்டகமே ஒரு தரப்புக்கு வசதியானது. 1,766 சர்வீஸ் அபார்ட்மெண்ட்டுகள் வேண்டும் என்று சொல்லிப் பூங்காவைக் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். நூறு ஏழைக் குடும்பங்களுக்கு வீடு என்று சொல்லிக் கேட்டால், எதிர்ப்பவர் கல்நெஞ்சக்காரர் ஆகிவிடுவார். வரிசை வீட்டுக்காரர்களின் சங்கம் திட்டத்தை ஆதரித்துப் பேசியதும் உண்மை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது ஆண்டில் எத்தனையோ பேர் வந்து வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கட்டட வரைபடத்தோடு வந்த ஏற்பாடு இது. அந்த வரைபடத்தில் தங்கள் கட்டடத்தைச் சுற்றி எத்தனை கோபுரம் நிற்கிறது என்பதை எண்ணுவதா அவர்கள் வேலை? மழை நாளில் கூரைக்கடியில் பாத்திரம் வைக்கிறவருக்கு, நிழலில் நடை போகிறவர் ‘கொஞ்சம் பொறுங்கள், இன்னும் நல்ல திட்டம் வரும்’ என்று சொன்னால் கோபம் வராதா?

பினாங்கில் வேறு முடிவு. குளுகோரில் மாடு வளர்த்துப் பிழைத்த தமிழர்களின் கம்போங் புவா பாலா கிராமத்தை 2009-ல் புல்டோசர் போட்டு இடித்தார்கள், அடுக்குமாடி கட்ட. அவர்களும் நீதிமன்றப் படி ஏறினார்கள். கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் நிலம் நிற்கவில்லை. மரமும் மாட்டுக்கொட்டகையும் நிறைந்த அந்த இடமும் ஒரு திறந்தவெளிதான். ஆனால் அதைப் பச்சை வண்ணத்தில் தீட்டிக் காக்கும் எந்த வரைபடமும் அந்த மக்கள் கையில் இல்லை.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான். கியாராவில் மரங்களுக்கு அரசிதழ் இருந்தது. அந்த மரங்களை வெட்டிப் பால் எடுத்தவர்களுக்குக் கிடைத்த வாக்குறுதி எந்த அரசிதழிலும் ஏறவில்லை. தீர்ப்பு சொன்ன நீதிபதிகள் நினைத்திருந்தாலும் அவர்களுக்கு ஒரு சாவியைக் கொடுத்திருக்க முடியாது. முன்னால் இருந்த கேள்வி அனுமதி செல்லுமா என்பது மட்டும். இருப்பிடத்திலேயே நிரந்தர வீடு என்ற பேச்சு தீர்ப்புக்குப் பிறகும் தொடர்ந்தது. பூங்கா மேல் கை வைக்காமல் கட்ட வேண்டும் என்பதில் தீர்ப்புக்குப் பிறகு பெரிய வாதத்துக்கு இடமில்லை. ஆக, நிலப் பிரச்சினை முடிந்தது. இது இனிப் பணப் பிரச்சினை. அப்படியானால் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியாக அதை எழுதிவிடலாமே. மாநகர் மன்றத்துக்கு நூறு வீடு கட்டுவது பெரிய காரியமா?

கட்டினாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. நூறு குடும்பம் என்பது 1980களின் பட்டியல். அன்று தகப்பனோடு குடியேறிய பையனுக்கு இன்று பேரப்பிள்ளை. மகன்கள் கல்யாணமாகி, வாடகை கொடுக்க முடியாமல் அதே வீட்டின் முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ ஒட்டி ஒரு பத்தி இறக்கிக்கொள்வது வரிசை வீடுகளில் வழக்கம். பட்டியலில் ஒரு பெயர் இருக்கும் வீட்டில் இரண்டு மூன்று அடுப்பு எரியலாம். புதுக் கட்டடத்தின் சாவி பெயருக்கு ஒன்றா, அடுப்புக்கு ஒன்றா? இதைக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே, அந்த மக்களையும் உட்காரவைத்து எழுத்தில் முடிவு செய்யாவிட்டால், அடுத்த வழக்கு டிடிடிஐயிலிருந்து வராது. ஒரே வீட்டிலிருந்து அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வக்கீலோடு வருவார்கள்.